முகாமுக்கு வந்தவர் கணக்கு தெரிகிறது. சிகிச்சை முடித்தவர் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் நடக்கும் புற்றுநோய் கண்டறியும் முகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. எத்தனை பேர் வந்தார்கள், யார் தொடங்கி வைத்தார்கள் என்பது தவறாமல் இருக்கும். வந்தவர்களில் எத்தனை பேருக்கு ‘மேல் பரிசோதனை தேவை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், அந்தச் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் எத்தனை பேர், போக எத்தனை நாள் பிடித்தது, சிகிச்சையை முடித்தவர் எத்தனை பேர் என்பது இருக்காது. நிருபரைக் குறை சொல்லவில்லை. கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும்படி அந்தக் கணக்கு ஒரே நோட்டில் இருப்பதில்லை.

அந்த நோட்டு எவ்வளவு பெறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆதாரம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களுக்குச் செவிலியர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக வி.ஐ.ஏ. என்னும் பரிசோதனை (அசிட்டிக் அமிலம் வைத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது) செய்தார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம் என்று வந்தது. அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) பார்த்து முடித்தார்கள். விட்டுப்போனவர்கள் 36 பேர். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் மற்ற ஊர்களைவிடக் குறைந்திருந்தன. 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

36 பேர் மட்டும் விட்டுப்போனதில் மாயம் எதுவும் இல்லை. வி.ஐ.ஏ. பார்த்த செவிலியரே, அதே வருகையில், கால்போஸ்கோப்பியும் பார்த்து, தேவைப்பட்டால் சதைத் துணுக்கும் எடுத்து, தகுதியானவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையையும் கொடுத்தார். ‘திங்கட்கிழமை வாம்மா’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். அவ்வளவு கட்டுப்பாடான ஆய்விலேயே நான்கில் ஒருவருக்கு மேல் நழுவினார்கள் என்றால், சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பும் இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வி.ஐ.ஏ. எளிய பரிசோதனைதான். எளியது என்பதாலேயே அதை அலட்சியமாகச் செய்துவிடுகிறார்கள். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 95 மி.லி.; அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்க வேண்டும். முந்தின முகாமில் மிஞ்சிய புட்டியை எடுத்துவந்தால் வீரியம் போயிருக்கும், வெள்ளை தெரியாது. பஞ்சை நன்றாக நனைத்து கர்ப்பப்பை வாயில் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் இந்த ஒரு நிமிடம் பத்து வினாடியாகச் சுருங்குகிறது. வெளிச்சம் அடுத்த பிரச்சினை. கல்யாண மண்டபத்தின் ட்யூப்லைட்டும் செல்போன் டார்ச்சும் போதாது; குவிந்து விழும் பிரகாசமான விளக்கு வேண்டும். பார்க்க வேண்டியது அடர்ந்த, ஓரம் தெளிவான, உள்தோலும் வெளித்தோலும் சேரும் கோட்டைத் தொட்டு நிற்கும் வெள்ளைத் திட்டு. கோட்டிலிருந்து விலகிய மங்கலான கீற்றும், சிறு கொப்புளம் போன்ற புள்ளிகளும் கணக்கில் சேராது. இவற்றையும் சேர்த்தால் அனாவசியமாக நூறு பேரைப் பயமுறுத்தி அனுப்புவோம். ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அந்தக் கோடே உள்ளே ஏறிவிடும். அவர்களிடம் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வது தவறு. ‘இந்தப் பரிசோதனையில் தெரியாது’ என்பதுதான் சரி.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது பெண்களை வரச் சொல்லிவிட்டு ஸ்பெகுலம் (பிறப்புறுப்புப் பாதையை விரித்துப் பார்க்கும் கருவி) பன்னிரண்டு வைத்திருந்தால் பதின்மூன்றாவது பெண்ணுக்கு என்ன செய்வார்கள்? பயன்படுத்தியதை 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் செய்ய (அழுத்த நீராவியில் கிருமி நீக்க) வேண்டும். உறையில்லாமல் 20 நிமிடம், உறையோடு 30 நிமிடம். சூடேறி ஆறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே ஸ்பெகுலம் எத்தனையோ, அத்தனை டோக்கன்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஒரு சொல்லால் வரும் வினை. ‘வெள்ளையா தெரியுதும்மா’ என்று செவிலியர் சொன்னதும் ‘வெள்ளைப்படுதல்தானே’ என்று நினைத்துக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, நின்றுவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லும் ஆபத்து. எச்.ஐ.வி. என்று எடுத்துக்கொண்டு வீட்டில் சண்டை வருகிறது. ‘கர்ப்பப்பை வாயில் ஒரு திட்டு இருக்கிறது, புற்றுநோய் என்று அர்த்தமில்லை, விட்டால் பல வருடத்தில் ஆகலாம், இப்போதே சுலபமாக எடுத்துவிடலாம்’ என்று முழுதாகச் சொல்ல முப்பது வினாடி போதும். எழுதியும் கொடுக்க வேண்டும்.

எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) டி.என்.ஏ. பரிசோதனை வந்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்) மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை செய்த பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில் வி.ஐ.ஏ. செய்த பிரிவில் சொல்லும்படியான குறைவு தெரியவில்லை. திண்டுக்கல்லில் பலித்தது அங்கே பலிக்காததற்கு நாங்கள் காண்கிற காரணம், வி.ஐ.ஏ. பார்ப்பவரின் கண்ணை நம்பியது என்பதே. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் முதலில் சொல்கிறது: 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. மாதிரியைப் பெண் தானே எடுக்கலாம். கூச்சம்தான் பெரிய தடை என்றிருக்கும் இடத்தில் இது பெரிய வசதி. ஆனால் முடிவு அன்றே வராது, தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். வாடகை வீடு மாறுபவர்கள் நிறைந்த கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முகவரியை மட்டும் எழுதிக்கொண்டால் ஆளைப் பிடிக்க முடியாது. இரண்டு தொலைபேசி எண், அதில் ஒன்று கணவர் அல்லாத ஒருவருடையது, என்று வாங்கிக்கொள்வது நல்லது. சொல்லும்போது, இந்த வைரஸ் வாழ்நாளில் பெரும்பாலோருக்கு ஒரு முறையாவது வந்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே போய்விடும் என்பதையும், யார் மீதும் சந்தேகப்பட இது ஆதாரமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எச்.பி.வி. தடுப்பூசி பற்றி இங்கே விரிக்கவில்லை. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு தவணையே போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. போட்டுக்கொண்டவர்களும் 30 வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

இனி, சீட்டு கைக்கு வந்த பிறகு. மார்பில் கட்டி என்று வந்த பெண்ணுக்கு, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனையும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நாள் கரைவது தூரத்தில் அல்ல. ஒரு நாள் ஓ.பி., ஒரு நாள் ஸ்கேன், ஒரு நாள் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது), ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 முடிவுக்கு இன்னொரு நாள், காப்பீட்டு அனுமதிக்கு ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, கூட வருபவருக்கும் போகிறது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு குறைந்திருக்கலாம். கூலிக்கு ஈடு இல்லை.

இதில் தவிர்க்கக்கூடிய தவறுகள் இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, பயாப்ஸி செய்யாமலே ‘சின்னக் கட்டிதானே’ என்று தெருமுனைக் கிளினிக்கில் அறுத்து எடுப்பது. பிறகு புற்றுநோய் என்று தெரிந்தால் ஓரம் சுத்தமாக இருந்ததா, அக்குள் நெறியில் (நிணநீர்க் கணுவில்) நோய் இருந்ததா என்று எதுவும் தெரியாமல் மறுபடி அறுவை செய்ய வேண்டிவரும். தடித்த ஊசியால் துணுக்கெடுக்கும் கோர் பயாப்ஸிதான் முதலில். கத்தி பட்டால் பரவும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஊசியால் எடுப்பதைத் தள்ளிப்போடுவதால்தான் பரவுகிறது. இரண்டாவது, எடுத்த சதையைச் சலைனில் போட்டுக் கொடுத்தனுப்புவது. அது அழுகிவிடும். 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் அகன்ற டப்பாவில். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். இது தப்பினால் ஹார்மோன் ஏற்பி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். அப்படி வந்தால் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டு சாப்பிடுவதால் கிடைக்க வேண்டிய பலன் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும். ரிப்போர்ட்டோடு நிற்காமல் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவமனை மாறினால் மறுபடி குத்த வேண்டியிருக்காது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பலர் நோய் தெரிந்த பிறகுதான் அட்டைக்கு ஓடுகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரோடு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதா, வருமானச் சான்று இருக்கிறதா என்பதைச் சீட்டு எழுதிக்கொடுக்கும் அதே மேசையில் ஒருவர் பார்த்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம். திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் இருப்பது நாள்தோறும் வருகிற சிக்கல்.

வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை இன்னும் எளிது: நல்ல வெளிச்சம், கையுறை, கன்னத்தை ஒதுக்கிப் பார்க்க இரண்டு மரக் குச்சி. திருவனந்தபுரத்தில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. ஆகவே எல்லாரையும் வரிசையில் நிறுத்த வேண்டாம். மாவா, குட்கா, பீடி பழகியவர்களைத் தேடிப் பிடித்தால் போதும். அவர்கள் முகாமுக்கு வரமாட்டார்கள். மணலி, எண்ணூர் லாரி நிறுத்தங்களுக்கும் காசிமேடு துறைமுகத்துக்கும் முகாம்தான் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் தாங்காமை, மூன்று விரல் நுழையாத வாய் ஆகியவை இருந்தால் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

இதற்கு நடுவே ‘முழு உடல் பரிசோதனை’ என்று சி.ஏ.-125, சி.இ.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனைகளையெல்லாம் சேர்த்து விற்கிற பேக்கேஜ்களில் பணத்தைப் போடாதீர்கள் என்று வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், நோயின் அறிகுறி இல்லாதவர்களுக்கு சி.ஏ.-125 பார்த்ததால் சூற்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று 2021-இல் தெரிந்துவிட்டது.

சிகிச்சை தொடங்கிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. பரவாத நிலையில், ஆனால் அறுவைக்கு ஏற்ற கட்டத்தைத் தாண்டிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பது (வெளியிலிருந்து கதிர்வீச்சு) 25 நாள், வாரத்துக்கு ஐந்து நாள். கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ ஊசி. அதன் பின் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் 56 நாளுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது. இடையில் ஏன் நிற்கிறார்கள்? மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இறங்குவது. ஊரில் சாவு, கோயில் திருவிழா. இயந்திரம் பழுது. வயிற்றுப்போக்குக்கு முதல் நாளே மாத்திரையும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் கையில் கொடுத்திருந்தால் அது நிற்கிற காரணமாகவே இருக்காது. இயந்திரப் பழுதால் போன நாளைச் சனிக்கிழமையிலோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரு முறையோ ஈடுகட்டலாம்; கேட்டால்தான் பலருக்குக் கிடைக்கிறது. எண்ணூரிலிருந்து 25 நாள் வந்துபோவதைவிடத் தங்க இடம் கொடுப்பது அரசுக்கும் மலிவு.

கீமோ போட்டவர்களுக்கு ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்யவைக்க வேண்டும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தெரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளவும் கூடாது. கீமோ அட்டையோடு அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும், போனதும் முதல் வார்த்தையாக ‘கீமோ நோயாளி, காய்ச்சல்’ என்று சொல்ல வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முதல் கீமோவையே தொடங்க வேண்டும் என்போம்.

இதற்கெல்லாம் பிறகு பிழைத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு வினாத்தாள் உண்டு: ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கியூ.எல்.கியூ.-சி30. முப்பது கேள்விகள், பெரும்பாலும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. அதன் முதல் கேள்வி, கனமான கடைப் பையையோ சூட்கேஸையோ தூக்குவது போன்ற கடின வேலைகளில் சிரமம் உண்டா என்பது. புளியந்தோப்பில் யார் சூட்கேஸ் தூக்குகிறார்கள்? ‘லாரித் தண்ணி வந்தா ஒரு குடம் தூக்கிட்டு மாடி ஏற முடியுதா’ என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும். ஆய்வுக்கு வினாத்தாளின் வாசகத்தை மாற்றக் கூடாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வார்டில் கேட்கும்போது நம் கேள்வியையும் சேர்த்துக் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. கேட்பதால் என்ன ஆகும் என்கிறவர்களுக்கு: நியூயார்க்கில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கீமோவில் இருப்பவர்கள் தங்கள் தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிய, மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும்படி செய்தார்கள். அந்தப் பிரிவினரில் பாதிப் பேர் 31.2 மாதத்துக்கு மேலும், வழக்கமான முறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேலும் உயிரோடிருந்தார்கள். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

மார்பகம் எடுத்தவர்களின் கை வீக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் இது பிழைப்போடு ஒட்டிய பிரச்சினை. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அறுவைக்கு முன்பே இரண்டு கையையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்: மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எங்காவது 2 செ.மீ. கூடினால் அப்போதே கட்டுப்போடும் சிகிச்சை தொடங்க வேண்டும்; வளையல் இறுகும்வரை காத்திருந்தால் தோல் தடித்து, வீக்கம் முழுதாக வடியாது. அழுத்த உறை பகலில் மட்டும். நம் வெயிலில் வியர்த்துப்போகும் என்பதால் இரண்டு உறை வேண்டும், ஒன்றைத் துவைத்துக் காயவைக்கும்போது மற்றொன்று. ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், அதன் பிறகு அது வெறும் துணி.

காசிமேட்டில் மீன் அரியும் பெண்களுக்கு இன்னொரு ஆபத்து. இறால் கொம்பும் மீன் முள்ளும் குத்திய சிறு காயம், நெறி இல்லாத கையில் ஒரே இரவில் செந்நிறமாகப் பரவி, குளிர் காய்ச்சலோடு கிளம்பும். அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படி வந்துபோனால் வீக்கம் ஒரு படி கூடும். பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு, காயத்துக்கு உடனே மருந்து. ‘இனி மீன் தொடாதே’ என்று சொல்வது பயனற்ற அறிவுரை. அதே போல ‘அந்தக் கையால் கனம் தூக்கவே தூக்காதே’ என்பதும் பழைய பேச்சு. அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வாரம் இரு முறை, மேற்பார்வையோடு, மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. மோசமாகும் நிகழ்வுகள் மற்றவர்களைவிடப் பாதியாக இருந்தன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கிச் சில மாதத்தில் அரைக் குடத்துக்கு வரலாம். முதல் நாளே முழுக் குடம் தூக்கினால்தான் கெடும்.

வாயில் கரண்ட் வைத்தவர்களுக்கு வாய் திறப்பதே போய்விடுகிறது. 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இட்லி நுழையாது, பல் துலக்க முடியாது, மருத்துவர் உள்ளே பார்க்கவும் முடியாது. செலவில்லாத வழி ஐஸ்கிரீம் குச்சி. பற்களுக்கிடையே இறுக்கமாக நுழையும் அளவுக்குக் குச்சிகளை அடுக்கி, அரை நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளுக்கு நான்கு வேளை. இளகினால் ஒரு குச்சி கூட்டலாம். கரண்ட் தொடங்கும் முன்பே பழக்கிவிட வேண்டும். சதை இறுகிய பிறகு தொடங்கினால் பலன் சொற்பம். கெட்ட பல்லைக் கதிர்வீச்சுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பிடுங்கிவிட வேண்டும். பிறகு எத்தனை ஆண்டு கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் ‘தாடையில் கரண்ட் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு ஆறாமல் அழுகலாம். கழுத்தில் வைத்தவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல் எல்லாம் ‘நோய்தானே’ என்று தள்ளப்படுகின்றன. தைராய்டு மாத்திரையில் சரியாகிறவையும் அவற்றில் உண்டு.

கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆண் மருத்துவர் சொல்லத் தயங்குகிறார், பெண் கேட்கத் தயங்குகிறாள். புண் ஆறியபின், வழக்கமாக ஒரு மாதத்துக்குள், விரிப்பான் (டைலேட்டர்) என்னும் கருவியை வழுவழுப்புக் களிம்போடு வாரம் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் பயன்படுத்த வேண்டும். கணவர் இல்லாதவருக்கும் இது தேவை. பாதை மூடிக்கொண்டால் நோய் திரும்பியதா என்று மருத்துவர் பார்க்கவே வழியிருக்காது. இதைச் சொல்லித் தர ஒரு தனி அறையும் ஒரு செவிலியரும் கால் மணி நேரமும் போதும்.

டமாக்சிஃபென் நாளுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து ஆண்டு. மாதம் ஒரு முறை வந்து வாங்கு என்றால் அறுபது முறை வர வேண்டும், அறுபது நாள் கூலி போகும். இரண்டாம் ஆண்டில் விட்டுவிடுகிறார்கள் என்று அவர்களைக் குற்றம் சொல்லலாமா? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. அதே பையில் டமாக்சிஃபெனை வைப்பதற்கும், அதே இயன்முறை மருத்துவர் ஒரு அளவு நாடாவை எடுத்துப்போவதற்கும் புதுத் திட்டம் தேவையில்லை, ஒரு உத்தரவு போதும். மாத்திரை போடுபவருக்கு மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும் என்பதையும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. காசிமேட்டில் காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் யார் வருவார்கள்? விடியுமுன் ஏலம் எடுத்த பெண் அப்போது கூடையோடு ஏதோ ஒரு தெருவில் இருப்பாள். மதியம் மூன்றுக்கு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்குக் கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். பரிசோதனை, பயாப்ஸி, ரிப்போர்ட் மூன்றையும் அந்த 61 நாளுக்குள் அடக்கிவிட முடியும்.

சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களுக்குத் தனித்தனியே, எத்தனை பேருக்கு நோய் வருகிறது, எந்த நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறது என்ற விவரம் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும்படி மாநகராட்சி செய்ய வேண்டும். எண்ணூர், மணலி ஆலைப் புகையால்தான் புற்றுநோய் கூடுகிறது என்று மக்கள் கேட்கும் கேள்விக்கும் ஆமாம், இல்லை என்று வாய்ப்பேச்சில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாம் செய்தியை எழுதும் நிருபர், பொறுப்பு மருத்துவரிடம், இதே இடத்தில் சென்ற முறை சீட்டு வாங்கிப்போனவர்களில் எத்தனை பேருக்குப் பயாப்ஸி ஆயிற்று, எத்தனையாவது நாளில் ஆயிற்று என்று கேட்கட்டும். பதில் வந்தால் அச்சிடுங்கள். ‘கணக்கு இல்லை’ என்று வந்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பராமரிப்பில் பணியாற்றும் செவிலியர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.